வானத்து விளக்குகளை விசாரித்த வாத்தியார்: அமெரிக்க விமானப்படையின் ‘பறக்கும் தட்டு’ ஃபைல்களும் ஆலன் ஹைனெக்கும்

உளுந்தூர்பேட்டை என்றாலே சென்னை - திருச்சி ரோட்டில் போகிறவர்களுக்கு டோல்கேட்டும் சேலம் பிரிவும்தான் ஞாபகம் வரும். ஊருக்குப் பக்கத்திலேயே இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் ஒன்று கிடப்பது பலருக்குத் தெரியாது. ஜப்பான் படை பர்மா வரை வந்துவிட்ட நேரத்தில் பிரிட்டிஷ்காரர்கள் மெட்ராஸ் மாகாணத்தில் அவசர அவசரமாகப் போட்ட ஓடுதளங்களில் இதுவும் ஒன்று. சோழவரம், கயத்தாறு, செட்டிநாடு என்று லிஸ்ட் இன்னும் நீளும். போர் முடிந்தது, விமானங்கள் போய்விட்டன, சிமென்ட் தரை மட்டும் மிச்சம்.

அந்தப் போரில் இரவில் பறந்த விமானிகள் திரும்பி வந்து ஒரு விசித்திரமான புகாரைச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒளி உருண்டைகள் தங்கள் விமானத்துக்குப் பக்கத்திலேயே வருகின்றன, திரும்பினால் கூடவே திரும்புகின்றன என்றார்கள். ஐரோப்பாவில் பறந்த அமெரிக்க விமானிகள் அதற்கு ‘ஃபூ ஃபைட்டர்’ என்று பேரே வைத்துவிட்டார்கள். நமக்குப் பக்கத்திலும் அப்படி ஒரு சம்பவம் உண்டு. 1944 ஆகஸ்ட்டில் இலங்கையின் திருகோணமலை சீனன்குடாவிலிருந்து கிளம்பி, சுமத்ராவின் பலெம்பாங் எண்ணெய் ஆலையைத் தாக்கப் போன பி-29 விமானம் ஒன்றின் குழுவினரும் இதே மாதிரி ஓர் ஒளி உருண்டையைப் பார்த்ததாகப் பதிவு இருக்கிறது.

போர் முடிந்த கொஞ்ச நாளிலேயே இந்தப் புகார்களை விசாரிக்க அமெரிக்க விமானப்படை ஒரு தனிப்பிரிவைத் தொடங்கியது. பேர் மாறி மாறி 1969 வரை அது ஓடியது. மொத்தம் வந்த புகார்கள் 12,618. ஏறக்குறைய ஆரம்பத்திலிருந்து கடைசி வரை அந்தப் பிரிவில் கூடவே இருந்தவர் ஒரு வானியல் பேராசிரியர். அவர்தான் ஜோசஃப் ஆலன் ஹைனெக். ‘ப்ராஜெக்ட் ப்ளூ புக்’ என்ற சீரிஸ் பார்த்திருந்தால் இவரைத் தெரிந்திருக்கும். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ லிட்டில்ஃபிங்கர் நடித்தாரே, அந்த கேரக்டர். சீரிஸில் வரும் துரத்தல், சதி எல்லாம் மசாலா. நிஜ ஹைனெக்கின் கதையில் துப்பாக்கி கிடையாது. ஆனால் அது சீரிஸைவிட சுவாரஸ்யமானது என்பேன்.

காய்ச்சல் படுக்கையில் ஒரு பாடப்புத்தகம்

1910 மே 1 அன்று சிகாகோவில், செக் வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தார் ஹைனெக். ஹாலி வால்நட்சத்திரம் வானத்தில் வந்திருந்த சமயம் அது. சின்ன வயதில் ஸ்கார்லெட் காய்ச்சல் வந்து படுத்த படுக்கையானார். டீச்சரான அம்மா பக்கத்தில் உட்கார்ந்து புத்தகங்கள் வாசித்துக் காட்டினார். வீட்டிலிருந்த குழந்தைகள் புத்தகம் எல்லாம் தீர்ந்துபோக, பாடப்புத்தகங்களை எடுத்தார். அதில் ஒன்று வானியல். பையனுக்கு அது பிடித்துப்போனது.

1935-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்கிஸ் வானாய்வகத்தில் முனைவர் பட்டம். இங்கே ஒரு சின்ன கிளைக்கதை. ஹைனெக் பிறந்த அதே 1910-ல் பிறந்தவர் நம்ம சுப்ரமணியன் சந்திரசேகர். அவர் இதே யெர்க்கிஸில் வேலைக்குச் சேர்ந்தது 1937-ல். அதற்குள் ஹைனெக் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். ஒருவர் நட்சத்திரம் எப்படிச் சாகும் என்று கணக்குப் போட்டு நோபல் வாங்கினார். இன்னொருவர் நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு வேறு எதையோ பார்த்ததாகச் சொன்னவர்களின் வாக்குமூலங்களோடு இருபது வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டினார்.

போர்க்காலத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை. இலக்கின் மேல் மோதாமலே, அதன் அருகில் வந்ததும் குண்டை வெடிக்க வைக்கும் ‘ப்ராக்ஸிமிட்டி ஃப்யூஸ்’ கருவி உருவான இடம் அது. ராணுவ ரகசிய வேலைக்கு இவர் ஏற்கெனவே பழகியவர் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து ஊர் வானியல் வாத்தியார்

1947 ஜூன் 24. கென்னத் ஆர்னால்ட் என்ற தனியார் விமானி, வாஷிங்டன் மாநிலத்தில் ரெய்னியர் மலைக்கு அருகே 9 பொருட்கள் வரிசையாகப் பாய்ந்து போவதைப் பார்த்ததாகச் சொன்னார். தண்ணீரில் தட்டை வீசினால் தத்தித் தத்திப் போகுமே, அந்த மாதிரி நகர்ந்தன என்று அவர் விளக்கினார். அவர் சொன்னது நகர்ந்த விதத்தை. பேப்பர்காரர்கள் எழுதியது வடிவத்தை. ‘ஃப்ளையிங் சாசர்’ பிறந்தது இப்படித்தான். தலைப்பு வைக்கிற வேலையில் இருக்கும் எங்களைப் போன்றவர்கள் மாட்டிவைத்துக்கொள்ள வேண்டிய சம்பவம் இது. அதன் பிறகு வந்த புகார்களில் பொருட்கள் எல்லாம் தட்டு வடிவத்திலேயே பறக்க ஆரம்பித்துவிட்டன.

விமானப்படைக்கு வேற்றுக்கிரகவாசியைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை. சோவியத் யூனியன் புதிதாக ஏதாவது செய்துவிட்டதா என்பதுதான் பயம். பிடிபட்ட ஜெர்மன் விஞ்ஞானிகள் அந்தப் பக்கமும் போயிருந்தார்கள் அல்லவா? 1948-ல் ஒஹையோ மாநிலம் டேட்டனில் உள்ள விமானப்படைத் தளத்தில் ‘ப்ராஜெக்ட் சைன்’ தொடங்கியது. வந்த புகார்களில் எவையெல்லாம் வெறும் நட்சத்திரம், கோள், எரிகல் என்று கழித்துக்கட்ட ஒரு வானியல் ஆள் வேண்டும். கொஞ்ச தூரத்தில் இருந்த கொலம்பஸ் நகரில் ஹைனெக் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். கூப்பிட்டார்கள், போனார். இது ஒரு சீசன் கிறுக்கு, சீக்கிரம் அடங்கிவிடும் என்பதுதான் அப்போது அவர் எண்ணம்.

முதல் கட்டத்தில் அவர் பார்த்த 237 புகார்களில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்கு வானியல் விளக்கமே போதுமானதாக இருந்தது. அதிலும் அடிக்கடி மாட்டிக்கொண்டது வெள்ளிக் கோள். நம்ம ஊர் விடிவெள்ளி.

வெள்ளியைப் பார்த்து எப்படி ஏமாற முடியும் என்று தோன்றும். வானத்தில் நிலாவுக்கு அடுத்துப் பிரகாசமானது அதுதான். அடிவானத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது அதன் ஒளி காற்றின் அடர்த்தியான அடுக்குகளைத் தாண்டி வர வேண்டும். அதனால் துடிக்கும், சிவப்பு பச்சை என நிறம் மாறும். ராத்திரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் நிலா கூடவே வருவதாகத் தெரியுமே, அதே காரணத்தால் வெள்ளியும் உங்கள் வண்டியைத் துரத்தும். மரம், வீடு எல்லாம் பின்னால் ஓட, தொலைவில் இருப்பது மட்டும் அப்படியே நிற்பதால் வரும் மயக்கம் இது. இன்னொன்றும் உண்டு. சுற்றிலும் இருட்டாக இருக்கும்போது ஒரே ஒரு ஒளிப்புள்ளியை உற்றுப் பார்த்தால் அது நகர ஆரம்பிக்கும். நகர்வது புள்ளி அல்ல, கண். கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் இரவில் தங்கியவர்கள் இதைச் சோதித்துப் பார்க்கலாம். டவுன் வெளிச்சத்தில் இது அவ்வளவாக எடுபடாது.

இதெல்லாம் பழைய அமெரிக்கக் கதை என்று நினைக்க வேண்டாம். 2012 ஆகஸ்ட்டிலிருந்து 2013 பிப்ரவரி வரை லடாக்கில் பாங்காங் ஏரிப் பகுதியில் காவலில் இருந்த இந்திய ராணுவத்தினர் வானத்தில் அடையாளம் தெரியாத ஒளிகளை 329 முறை பதிவு செய்தார்கள். அதில் 155 முறை அவை எல்லைக் கோட்டைத் தாண்டி வந்ததாகக் குறிப்பு. சீன ட்ரோன்களோ என்ற சந்தேகம். சாதாரண சந்தேகம் இல்லை, எல்லையில் பதற்றம் இருந்த காலம் அது. பெங்களூருவில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் விஞ்ஞானிகளைக் கேட்டார்கள். அவர்கள் அந்த ஒளிகள் எந்த நேரத்தில் எங்கே தெரிந்தன, பின்னணி நட்சத்திரங்களோடு ஒப்பிட்டால் எப்படி நகர்ந்தன என்ற விவரங்களை வைத்துச் சரிபார்த்தார்கள். வந்த பதில்: ஒன்று வெள்ளி, இன்னொன்று வியாழன்.

இங்கே கவனிக்க வேண்டியது பதிலைவிட அதை எட்டிய வழி. அளந்து, ஒப்பிட்டு, அதற்குப் பிறகே சொன்னார்கள். 1948-ல் ஹைனெக் சறுக்கியது சரியாக இந்த இடத்தில்தான்.

ஒரு விமானி இறந்த வழக்கு

1948 ஜனவரி 7. கென்டக்கி மாநிலத்தில் வானத்தில் பெரிய வெள்ளைப் பொருள் ஒன்று தெரிவதாகப் பொதுமக்கள் போலீஸுக்குத் தகவல் சொன்னார்கள். காட்மேன் விமானத்தளத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்தும் அது தெரிந்தது. அந்த வழியாகப் பறந்துகொண்டிருந்த எஃப்-51 மஸ்டாங் விமானங்களை, அது என்ன என்று பார்க்கச் சொன்னார்கள். அணித் தலைவர் கேப்டன் தாமஸ் மான்டெல். வயது 25. மற்றவர்கள் திரும்பிவிட, அவர் மட்டும் மேலே மேலே ஏறினார். விமானத்தில் ஆக்சிஜன் வசதி இல்லை. 20,000 அடிக்கு மேல் போனதும் மயங்கியிருக்க வேண்டும். விமானம் ஃப்ராங்க்ளின் என்ற ஊருக்கு அருகே விழுந்து நொறுங்கியது.

பறக்கும் தட்டைத் துரத்திய விமானி பலி என்று நாடே பேசியது. ஃபைல் ஹைனெக்கிடம் வந்தது. அந்த நேரத்தில் அந்தத் திசையில் என்ன இருந்தது என்று அட்டவணையைப் புரட்டினார். வெள்ளிக் கோள் கிட்டத்தட்ட அதே இடத்தில் இருந்தது. வெள்ளியாக இருக்கலாம் என்று எழுதினார். விமானப்படை அதையே பிடித்துக்கொண்டது.

பிரச்சினை என்னவென்றால், பட்டப்பகலில் வெள்ளி தெரிந்தாலும் ஊசிமுனைப் புள்ளியாகத்தான் தெரியும். எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்தவர்களுக்கே கண்டுபிடிப்பது கஷ்டம். பல ஊர்களில் மக்கள் அண்ணாந்து பார்த்த பெரிய வெள்ளைப் பொருள் அது எப்படி ஆகும்? விளக்கம் பொருந்தவில்லை. பொருந்தாத விளக்கம் வதந்தியை வளர்க்கும். வளர்த்தது. எதையோ மூடி மறைக்கிறார்கள் என்ற பேச்சு அமெரிக்காவில் இந்தச் சம்பவத்திலிருந்துதான் சூடு பிடித்தது.

உண்மையில் மறைக்கப்பட்ட விஷயம் ஒன்று இருந்தது, ஆனால் யாரும் நினைத்தது அல்ல. அமெரிக்கக் கடற்படை ‘ஸ்கைஹூக்’ என்ற பெயரில் ராட்சத பிளாஸ்டிக் பலூன்களை மிக உயரத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. சுமார் 100 அடி அகலம், வெயிலில் வெள்ளியாக மின்னும், காற்றோடு மெதுவாக நகரும். திட்டம் ரகசியம் என்பதால் மான்டெலுக்குத் தெரியாது, விசாரித்த விமானப்படைக்காரர்களுக்கே தெரியாது. மான்டெல் துரத்தியது அப்படி ஒரு பலூனைத்தான் என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். எவ்வளவு உயரம் ஏறியிருந்தாலும் அவரால் அதை எட்டியிருக்க முடியாது.

பலூன் விஷயத்தில் நாமும் சளைத்தவர்கள் இல்லை. ஹைதராபாத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பலூன் தளம் இருக்கிறது. 2022 டிசம்பரில் அங்கிருந்து பறக்கவிடப்பட்ட, ஒரு ஸ்பெயின் நிறுவனத்தின் விண்வெளிச் சுற்றுலாக் கூண்டு மாதிரி ஒன்று தெலங்கானாவின் விகாராபாத் மாவட்டத்தில் வயல்வெளியில் வந்து இறங்கியது. பார்க்க ஜனக்கூட்டம் கூடிவிட்டது. அதே மாதம் அக்னி-5 ஏவுகணைச் சோதனையின் ஒளி மேற்கு வங்கம் வரை தெரிய, வாட்ஸ்ஆப் முழுக்க ஏலியன்தான்.

தலைநகரில் தட்டு

‘சைன்’ 1949-ல் ‘கிரட்ஜ்’ ஆனது, 1952-ல் ‘ப்ளூ புக்’ ஆனது. ப்ளூ புக்கின் முதல் தலைவர் கேப்டன் எட்வர்ட் ருப்பெல்ட். யுஎஃப்ஓ என்ற சொல்லை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் இவர்தான். திறந்த மனதோடு விசாரித்த அதிகாரி என்று ஹைனெக் மதித்தவர். 1960-ல் 37 வயதிலேயே மாரடைப்பில் இறந்துவிட்டார்.

1952 ஜூலையில் அடுத்தடுத்து இரண்டு வார இறுதிகளில் வாஷிங்டன் விமான நிலைய ரேடாரில் அடையாளம் தெரியாத புள்ளிகள் தெரிந்தன. தலைநகருக்கு மேலே! ஜெட் விமானங்கள் பறந்தன. நம்ம மணிப்பூரில் 2023 நவம்பர் 19 அன்று இம்பால் விமான நிலையத்துக்கு அருகே ஏதோ பறக்கிறது என்று சில மணி நேரம் வான்வெளியை மூடி, விமானப்படை ரஃபேல் ஜெட்களை அனுப்பித் தேடியதே, ஒன்றும் சிக்கவில்லையே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. வாஷிங்டன் விவகாரத்துக்கு ஜூலை 29 அன்று பெரிய பத்திரிகையாளர் சந்திப்பு நடந்தது. காரணமாகச் சொல்லப்பட்டது வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம். வழக்கமாக மேலே போகப் போகக் காற்று குளிரும். சில இரவுகளில் தரையோரக் குளிர்காற்றின் மேல் சூடான காற்று போர்வை மாதிரி மூடிக்கொள்ளும். ரேடார் அலை அதில் பட்டு வளைந்து கீழே வந்து, தரையில் இருக்கும் கட்டடம், வண்டி எதையாவது தொட்டுத் திரும்பும். திரையில் அது வானத்தில் இருப்பதாகத் தெரியும்.

அந்த வருஷம் ஹைனெக் தனியாக ஒரு காரியம் செய்தார். தனக்குத் தெரிந்த 44 வானியலாளர்களிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்தார். அதில் 5 பேர் விளக்க முடியாத ஏதோ ஒன்றை வானத்தில் பார்த்திருந்தார்கள். வெளியே சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்ற பயம். தொழில்முறை வானியலாளருக்கே இந்த நிலைமை என்றால் ஒரு விவசாயியோ கான்ஸ்டபிளோ எப்படிச் சொல்வார்கள்?

1953 ஜனவரியில் சிஐஏ ஏற்பாட்டில் ஹெச்.பி. ராபர்ட்சன் என்ற இயற்பியலாளர் தலைமையில் ஒரு குழு நான்கைந்து நாட்கள் கூடியது. ஹைனெக் இணை உறுப்பினராக உட்கார்ந்திருந்தார். குழுவின் முடிவு, பறக்கும் தட்டால் ஆபத்து இல்லை, பறக்கும் தட்டுப் புகார்களால்தான் ஆபத்து என்பது. நிஜமாகவே சோவியத் தாக்குதல் வரும் நாளில் இந்தப் புகார்கள் தகவல் தொடர்பையே அடைத்துவிடும் அல்லவா? ஆகவே மக்களுக்கு இதில் உள்ள ஆர்வத்தைக் குறைக்க வேண்டும், அதற்கு சினிமா, டிவி எல்லாம் பயன்படுத்தலாம், டிஸ்னியைக்கூடக் கேட்கலாம் என்று பரிந்துரை. பாதுகாப்புக் கோணத்தில் அந்தக் கவலை நியாயம்தான். ஆனால் விசாரணைப் பிரிவுக்கு அதன் பிறகு விசாரிப்பது முக்கியம் இல்லை, எண்ணிக்கையைக் குறைப்பதே முக்கியம் என்று ஆகிவிட்டது. இருக்கலாம் என்று குறித்ததையெல்லாம் கண்டுபிடித்தாச்சு கணக்கில் சேர்த்தார்கள். பின்னாட்களில் ப்ளூ புக் அலுவலகத்தில் ஓர் அதிகாரி, ஒரு சார்ஜென்ட், ஒரு செயலாளர் என்ற அளவுக்குத்தான் ஆட்கள். நாடு முழுக்க வரும் புகார்களுக்கு!

ஹைனெக் ஏன் வெளியேறவில்லை? அவர் மீது வைக்கப்படும் பெரிய விமர்சனமே இதுதான். வெளியேறினால் ஃபைல்களைப் பார்க்க முடியாது என்பது ஒரு காரணம். ராணுவத்தோடு மோதி வேலையைக் கெடுத்துக்கொள்ள விருப்பம் இல்லாத, அமைதியான பேராசிரியர் என்பது இன்னொன்று. இரண்டும் உண்மை என்றுதான் தோன்றுகிறது.

நைனிடால் வரை நீண்ட கேமரா

1956-ல் ஹைனெக்குக்கு வேறொரு பெரிய பொறுப்பு வந்தது. ஸ்மித்சோனியன் வானியற்பியல் ஆய்வகத்தில், செயற்கைக்கோள்களைப் பூமியிலிருந்து படம் பிடித்துப் பின்தொடரும் திட்டம். இதற்காகவே பேக்கர்-நன் என்ற பிரம்மாண்ட கேமராக்கள் தயாராகின. ஒவ்வொன்றும் 3 டன்னுக்கு மேல் எடை. உலகம் முழுக்க 12 இடங்களில் நிறுவினார்கள். ஜப்பான், ஈரான், பெரு, தென்னாப்பிரிக்கா என்று போன அந்தப் பட்டியலில் ஓர் இந்திய ஊரும் உண்டு: நைனிடால். அங்கிருந்த உத்தரப் பிரதேச அரசு வானாய்வகத்தை அப்போது நடத்தியவர் சென்னையில் பிறந்த வைணு பாப்பு. பின்னர் கொடைக்கானலுக்கு வந்து, கல்வராயனுக்கு வடக்கே ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தை உருவாக்கிய அதே பாப்புதான். லடாக் விளக்குகளை அடையாளம் காட்டிய இந்திய வானியற்பியல் நிறுவனமும் அவர் வளர்த்தெடுத்ததே.

கேமராக்கள் எல்லாம் ரெடியாவதற்கு முன்பே, 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை அனுப்பிவிட்டது. அமெரிக்காவே கதிகலங்கிய அந்த நாட்களில் பதில் சொல்லத் தெரிந்த சில முகங்களில் ஹைனெக்கும் ஒருவர். டீக்கடைக்காரர், மாணவர், ரிட்டயர் ஆனவர் என்று சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து வானத்தைக் கவனிக்க வைத்த ‘மூன்வாட்ச்’ குழுக்கள் அந்தத் திட்டத்தின் இன்னொரு கை. பயிற்சி இல்லாத கண்ணும், எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தால் நல்ல சாட்சியாகும் என்பதை அவர் இங்கே நேரில் பார்த்தார். ப்ளூ புக்கில் அந்தச் சாட்சிகளுக்குக் கிடைத்த மரியாதை வேறு.

1960-ல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் வானியல் துறைத் தலைவரானார். விமானப்படை ஆலோசகர் வேலையும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கொள்ளிவாய்ப் பிசாசும் மிச்சிகன் மாநிலமும்

நம்ம கிராமங்களில் ஏரிக்கரையிலும் சதுப்பு நிலத்திலும் ராத்திரியில் கொள்ளிவாய்ப் பிசாசு வரும் என்று பயமுறுத்துவார்கள். வாயில் நெருப்பை வைத்துக்கொண்டு திறந்து மூடும், பக்கத்தில் போனால் விலகிப் போகும். இதற்கு எல்லோரும் பள்ளியிலேயே கேட்ட விளக்கம் ஒன்று உண்டு. சேற்றில் செடிகொடி அழுகி மீத்தேன் வாயு வரும், கூட வரும் பாஸ்பரஸ் சேர்மங்கள் தீப்பற்ற வைக்கும். எப்படித் தானாகப் பற்றுகிறது என்பதில் வேதியியலாளர்களிடையே இன்றும் விவாதம் இருக்கிறது. அது தனிக்கதை.

ஹைனெக்கை உலகப் புகழ் ஆக்கியது, அதே நேரம் கேலிப்பொருள் ஆக்கியது, இந்தக் கொள்ளிவாய்ப் பிசாசுதான்.

1966 மார்ச் 20. மிச்சிகன் மாநிலத்தில் டெக்ஸ்டர் ஊருக்கு அருகே சதுப்பு நிலத்துக்கு மேல் விளக்குகள் தெரிந்ததாக ஒரு விவசாயக் குடும்பமும் போலீஸாரும் சொன்னார்கள். அடுத்த நாள் ஹில்ஸ்டேல் கல்லூரி விடுதியிலிருந்து 87 மாணவிகள், பக்கத்துச் சதுப்பில் இதே மாதிரி விளக்குகளைப் பார்த்தார்கள். நாடெங்கும் தலைப்புச் செய்தி. விமானப்படை ஹைனெக்கை அனுப்பியது. சில நாட்களே கிடைத்தன. ஊர் முழுக்கப் பதற்றம், நிருபர்கள் துரத்தல், சீக்கிரம் ஏதாவது சொல்லு என்று மேலிருந்து அழுத்தம். மார்ச் 25 அன்று டெட்ராய்ட்டில் செய்தியாளர்கள் முன்னால் அவரை நிறுத்தினார்கள்.

அவர் சொன்னது கவனமான பேச்சு. இரண்டு இடமும் சதுப்பு நிலம் என்பதால் இந்தக் குறிப்பிட்ட ஒளிகளில் சிலவற்றுக்குச் சதுப்பு வாயு காரணமாக இருக்கலாம், நிரூபித்துவிட்டேன் என்று சொல்லவில்லை என்ற அளவில்தான் பேசினார். அறிக்கையில் அந்த ஒரு சொல்லைப் பார்த்ததுமே நிருபர்கள் போனை நோக்கி ஓடினார்கள். மறுநாள் எல்லா பேப்பரிலும் சதுப்பு வாயு. கார்ட்டூன், ஜோக், டிவி நையாண்டி. இன்றுவரை அமெரிக்காவில் அரசாங்கம் மழுப்பினால் அதைச் சொல்ல அந்தச் சொல்லைத்தான் எடுக்கிறார்கள். அந்த விவசாயக் குடும்பத்துக்கோ ஊரில் தலைகாட்ட முடியாத நிலைமை. அவர்கள் பணம் கேட்கவில்லை, புகழ் கேட்கவில்லை. பார்த்ததைச் சொன்னார்கள். பதிலுக்கு, நாடே அவர்களைச் சேற்று வாயுவைப் பார்த்து மிரண்டவர்கள் ஆக்கிவிட்டது.

விளக்கம் சரியாகவே இருந்திருக்கலாம், தவறாகவும் இருந்திருக்கலாம். சாட்சிகளை முழுசாகக் கேட்காமல், இடத்தை அளக்காமல் மைக் முன்னால் சொன்னதால் அது விளக்கமாக நிற்காமல் அவமானமாக மாறியது. மான்டெல் ஃபைலில் காகிதத்தில் நடந்தது, இங்கே கேமரா முன்னால் நடந்தது.

மிச்சிகனின் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் மாநில மக்களை அவமதித்துவிட்டார்கள் என்று கொதித்து நாடாளுமன்ற விசாரணை கேட்டார். அவர் பேர் ஜெரால்ட் ஃபோர்டு, பின்னாளில் அமெரிக்க அதிபர். ஏப்ரல் 5 அன்று விசாரணை நடந்தது. ஹைனெக் அங்கே, ராணுவத்துக்கு வெளியே சிவிலியன் விஞ்ஞானிகள் இதை ஆராய வேண்டும் என்று கேட்டார். அவர் மாறிவிட்டார் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

ஃபைல் மூடப்பட்டது, 701 பாக்கி

கேட்டது கிடைத்தது, நினைத்த மாதிரி இல்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் காண்டன் என்ற இயற்பியலாளர் தலைமையில் ஆய்வு. 1969 ஜனவரியில் வந்த அறிக்கை, இதை மேலும் ஆராய்வதால் அறிவியலுக்கு லாபம் இல்லை என்றது. அறிக்கையின் உள்ளேயே விளக்கம் கிடைக்காத சம்பவங்கள் கணிசமாக இருந்தன. முன்னுரையும் முடிவுரையும் படித்தவர்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 17 அன்று ப்ளூ புக்கை மூடுவதாக விமானப்படை அறிவித்தது.

12,618-ல் 701 மட்டும் அடையாளம் காணப்படாதவை. இந்த நம்பரை யூடியூபில் 701 ஏலியன் விமானம் என்கிற தோரணையில் சொல்வார்கள். அது அப்படி இல்லை. போதுமான தகவல் இருந்தும் எது என்று சொல்ல முடியவில்லை என்பது மட்டுமே பொருள். அதே மாதிரி, விளக்கம் கிடைத்ததாகச் சொன்ன மற்றவை எல்லாம் சரியான விளக்கம் என்றும் பொருள் இல்லை. 1997-ல் வெளியான சிஐஏவின் வரலாற்று ஆய்வு ஒன்று, 1950-களின் பிற்பகுதியிலும் 60-களிலும் வந்த புகார்களில் பாதிக்கு மேல் யு-2 போன்ற உளவு விமானங்களால் வந்தவை என்றது. பயணிகள் விமானங்களைவிட மிக உயரத்தில் பறந்த அவற்றின் மேல், கீழே இருட்டிய பிறகும் வெயில் பட்டு மின்னும். உண்மையைச் சொன்னால் ரகசியம் போய்விடும் என்பதால் பனிப்படிகம், வெப்பநிலை மாற்றம் என்று பதில் கொடுத்தார்களாம். பாதிக்கு மேல் என்ற கணக்கை ஏற்காத ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் காரணம் தெரிந்தே வேறு காரணம் சொல்லப்பட்டது என்பதுதான் இதில் இடிக்கிறது.

தாடி, பைப், கொஞ்சம் சினிமா

1972-ல் ஹைனெக் ஒரு புத்தகம் எழுதினார். புகார்களை வகை பிரிக்க அதில் அவர் கொடுத்த அட்டவணைதான் இன்றும் பழக்கத்தில் இருக்கிறது. இரவு ஒளி, பகல் தட்டு, ரேடாரிலும் கண்ணிலும் தெரிந்தது, பிறகு மூன்று வகை நெருங்கிய சந்திப்பு. வெறுமனே பார்த்தது முதல் வகை, தடயம் விட்டுப் போனது இரண்டாவது, உயிரினம் தெரிந்ததாகச் சொன்னது மூன்றாவது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் தன் 1977 படத்துக்கு அந்த மூன்றாவது வகையையே தலைப்பாக எடுத்தார். ஹைனெக்தான் ஆலோசகர். கிளைமாக்ஸ் கூட்டத்தில் தாடியும் பைப்புமாக முன்னால் வரும் பெரியவர் அவரேதான். ஆயிரக்கணக்கான கைகள் ஒரே நேரத்தில் வானத்தைக் காட்டும் அந்தப் படத்தின் இந்தியக் காட்சி, மகாராஷ்டிராவில் காலாபூர் அருகே ஒரு கிராமத்தில் எடுத்தது. மகன் ஜோயல் ஹைனெக் பின்னாளில் விஷுவல் எஃபெக்ட்ஸுக்காக ஆஸ்கர் வாங்கினார்.

1973-ல் சொந்தமாக ஓர் ஆய்வு மையம் தொடங்கினார். 1978-ல் ஐநா சபையின் குழுவிலும் போய்ப் பேசினார். கடைசிக் காலத்தில், இவை வேறு பரிமாணத்திலிருந்து வரலாமோ என்கிற பக்கம் சாய்ந்தார். எனக்கு இந்தக் கடைசி ஹைனெக் அவ்வளவாக ஒப்பவில்லை. சோதிக்கவே முடியாத விளக்கம், அவசரமாகச் சொன்ன வெள்ளிக் கோள் விளக்கத்தைவிட எந்த விதத்தில் மேல்? விமர்சகர்களும் இதையே கேட்டார்கள், சாட்சிகளை அதிகம் நம்பிவிட்டார் என்றார்கள். முன்பு குறைவாக நம்பியவர் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ப்ளூ புக் ஃபைல்கள் இப்போது அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பேர்கள் அழிக்கப்பட்ட சாட்சிகள், கையால் போட்ட படங்கள், கடைசியில் முடிவு என்ற கட்டம்.

மூளையில் வந்த கட்டியால் 1986 ஏப்ரல் 27 அன்று அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில் ஹைனெக் இறந்தார். 76 ஆக நான்கு நாட்கள் பாக்கி. அவர் பிறந்தபோது வந்துபோன ஹாலி வால்நட்சத்திரம், கணக்குப்படி அந்த மாதம் மறுபடி பூமிக்கு அருகே வந்திருந்தது.